வாலைக் காணோம்

மார்க்குக்காரருக்கு எந்தக் காகிதத்தின் மேலும் நம்பிக்கை கிடையாது. அதனால்தான் எல்லாக் காகிதத்தையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் தொலைப்பார்கள், மகள் மறப்பாள், மருமகன் கண்டபடி மடிப்பான். தன் துணிப்பைக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தால் எவனும் தொடமாட்டான்.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைகள் வார்டில் நாலாம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் பேத்தி. நாலு வயது. மகள் வயிற்றுப் பேத்தி. வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். நடக்க ஆரம்பித்த வயதில் ஒரு இடத்தில் நிற்காமல் அத்தனை அலமாரியையும் கவிழ்த்ததால் அவர் வைத்த பேர் அது. இப்போது கவிழ்ப்பதற்குத் தெம்பு இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை வலிப்பு. கற்றுக்கொண்ட வார்த்தைகளில் பாதி ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டது. 'தாத்தா' மட்டும் மிச்சம். அதிலும் ஒரு 'தா' குறையும் சில நாள்.

"தா, பிக்கீ."

"பிஸ்கட்டு அப்புறம் தர்றேன்டி கண்ணு. ஊசி போட்டதும்."

ராத்திரியிலிருந்து அவளுக்கு ஆகாரம் கிடையாது. பதினொரு மணிக்கு மயக்கம் கொடுத்து, முதுகுத்தண்டில் ஊசி வழியாக மருந்து ஏற்றப்போகிறார்கள். வெளியூரிலிருந்து உறைபெட்டியில் வந்த மருந்து. பெட்டியைத் திறந்தால் மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். இந்த மருந்துக்கான பட்டியலில் ஒரு இடத்துக்காக மகள் இரண்டு வருடம் தலையால் தண்ணீர் குடித்திருக்கிறாள். எத்தனை மனு, எத்தனை கையெழுத்து, எத்தனை பேர் காலில் விழாத குறை.

மகள் ஜன்னலோரம் நின்று கடைசிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து குழந்தையின் மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பட்டியைக் கட்டினாள். பட்டியில் பேர், வயது, எடை. கடைசி வரியில் பழுதான ஜீனின் பேர், ஆங்கிலத்தில் நாலு எழுத்து.

மார்க்குக்காரர் குனிந்து பார்த்தார். பழக்கதோஷம்.

முப்பத்தெட்டு வருடம் அவர் ஒரு சரக்குக் கிடங்கில் இருந்தவர். லாரியில் ஏறுகிற ஒவ்வொரு பெட்டியிலும் கறுப்பு மையில் குறி, அதாவது மார்க்கு, அடித்திருக்கும். அதைக் கையிலிருக்கும் சீட்டோடு ஒப்பிட்டு 'ஏத்து' என்றோ 'நிறுத்து' என்றோ சொல்ல வேண்டும். அதுதான் வேலை, அதுதான் பேரும் ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆங்கிலம் வராது. கிடங்கில் யாருக்கும் வராது. அங்கே எழுத்துக்கு உருவத்தை வைத்துத்தான் பேர். கொக்கி, ஏணி, கூடாரம், பாம்பு, வாத்து. 'கூடாரம், பாம்பு, ரெண்டு குச்சி' என்று ஒருவன் கத்தினால் இன்னொருவன் சரியான பெட்டியைத் தூக்கிவருவான். படித்த குமாஸ்தாக்கள் பாதி படித்து மீதியை ஊகித்துவிடுவார்கள். தப்பு அவர்கள் கையில்தான் வரும். படிக்கத் தெரியாதவன் ஊகிக்க முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பட்டியில் இருந்தது கொக்கி, வளையம், ஏணி, வாத்து. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறும் வெள்ளை.

அவர் உறையைப் பிரித்து, அடியிலிருந்து முதல் காகிதத்தை எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்த ஆய்வுக்கூடம் கொடுத்தது. அதில் கொக்கி, வளையம், ஏணி, வாத்து, பிறகு ஒரு சின்னக் கோடு, கூடாரம், பாம்பு, குச்சி.

"சிஸ்டரம்மா, இங்க வாங்க. இதுல வாலைக் காணோம்."

"என்ன வால்?"

"இந்தப் பேருக்குப் பின்னால வால் இருக்கணும். இதோ பாருங்க. பட்டியில இல்ல."

நர்ஸ் ஒரு கண்ணால் காகிதத்தைப் பார்த்தாள், மறு கண் கடிகாரத்தில். "பட்டியில இடம் கொஞ்சம்தானே தாத்தா. கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதுதான் வரும்."

"கம்ப்யூட்டர்ல யாரு அடிச்சது?"

"அப்பா." ஜன்னலோரத்திலிருந்து மகளின் குரல். சத்தமில்லை, ஆனால் கூராக இருந்தது. "ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஆரம்பிக்கலம்மா. கேக்கறேன்."

"அம்மாவுக்கும் இப்படித்தான் கேட்டீங்க. எந்த டாக்டரும் சரியில்ல, எந்த ரிப்போர்ட்டும் சரியில்லன்னு நாலு மாசம் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அந்த நாலு மாசத்துல அறுக்க வேண்டிய கட்டி அறுக்க முடியாத கட்டி ஆயிடுச்சு."

மார்க்குக்காரர் கண்ணைக் காகிதத்துக்கே திருப்பினார். அந்தக் கேள்விக்கு ஆறு வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தார்.

பத்து மணி. ஒரு ஊழியர் நீலப் பெட்டி ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து உள்ளறைக்குள் போனார். மூடி திறக்கிற சத்தமும் புஸ்ஸென்று காற்று வெளியேறுகிற சத்தமும் கேட்டன. மகள் அந்தப் பக்கம் பார்த்துக் கையைக் கூப்பினாள்.

கிழவர் காகிதத்தை மடிக்கவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு அம்மா உட்காரவைத்துப் பேசியது அவருக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. மகள் அன்று அழுதுகொண்டிருந்தாள். 'ஒரு துண்டு குறையுது' என்று அந்த அம்மா சொன்ன முதல் வாக்கியத்திலேயே இடிந்துபோனவள், அதற்கப்புறம் சொன்னதில் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் இவர்தான். நம்பிக் கேட்கவில்லை. எங்கே புளுகு மாட்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கேட்டார்.

"உடம்புக்குள்ள நூல் மாதிரி ஒண்ணு நீளமா இருக்குங்க. அதுல ஜீனுங்க வரிசையா, ஒட்டு வீடுங்க மாதிரி இருக்கும்," என்றாள் அந்த அம்மா. "இந்த வீட்டுல இருக்கறவர் மூளைக்கு வேணும்கற ஒரு புரதத்தைச் செய்யறவர். அவருக்கு ஒண்ணும் ஆகல. முழுசா இருக்கார். அவருக்கு ஒட்டுன வீட்டுக்காரரைத்தான் காணோம். குறையற துண்டு அதுதான்."

"அவரு என்ன செய்யறவரு?"

"எதுவும் செய்ய மாட்டார். ஆர்.என்.ஏ.ன்னு நீளமா ஒண்ணை எழுதிக்கிட்டே இருப்பார். அதை வச்சு எந்தப் புரதமும் ஆகாது. ரொம்ப காலமா இவங்களையெல்லாம் வெட்டின்னுதான் நாங்களே நினைச்சோம்."

"வெட்டி ஆளு போனா நமக்கென்ன நஷ்டம்?"

"அங்கதான் விஷயமே. இவர் உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கற வரைக்கும்தான் பக்கத்து வீட்டுக்காரர் அளவா வேலை செய்வார். இவர் போயிட்டா அவரைப் பிடிக்க ஆளில்ல. கணக்கில்லாம செஞ்சு தள்ளுவார்."

அவருக்குச் சட்டென்று மச்சான் ஞாபகம் வந்தது. பெண்டாட்டியின் தம்பி. சாகிறவரை ஒரு நாளும் வேலைக்குப் போகாத மனுஷன். வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே பேப்பரைப் படிப்பார். பக்கத்துப் போர்ஷனில் மச்சானின் குடிகார அண்ணன்காரன். மச்சான் வாயைத் திறந்து அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் மச்சான் போய்ச் சேர்ந்த ஒரே மாதத்தில் அந்தப் போர்ஷனில் நெளியாத பாத்திரம் ஒன்று இல்லை.

"என் மச்சான் மாதிரின்னு சொல்லுங்க," என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டாள்.

அப்புறம் அவர் ஒரு கிடுக்கிப்பிடி போட்டார். "எல்லாமே ரெட்டையா இருக்கும்னு சொன்னீங்களே, அப்பன் வழி ஒரு நூல், ஆத்தா வழி ஒரு நூல். இன்னொரு நூல்லயும் இதே ஆளு இருப்பாருல்ல? அவரு வந்து இங்கயும் பாத்துக்கக் கூடாதா?"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வர மாட்டார் ஐயா. இந்த ஜாதியில பல பேர் அப்படித்தான். தன் நூல்ல தனக்கு ஒட்டுன வீட்டை மட்டும்தான் பாத்துக்குவாங்க. அந்த நூலை விட்டு இந்த நூலுக்குத் தாவ மாட்டாங்க."

"பேரு என்ன அவருக்கு?"

"தனிப் பேர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் பேரையே போட்டு, பின்னால ஒரு வால் சேர்த்திருக்கோம். இதோ, இந்தக் கோட்டுல இருந்து."

"பக்கத்து வீட்டையே அடக்கி வச்சிருக்கறவருக்கு சொந்தமா ஒரு பேரு கூட வைக்கலையா? நல்லா இருக்கு உங்க நியாயம்."

பத்தேகால். மார்க்குக்காரர் எழுந்து மகளிடம் போனார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. இந்த மருந்து உள்ள போய் என்ன பண்ணும்?"

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நூறு தடவை சொல்லியாச்சு. அந்த ஜீன் குறைவா வேலை செய்யுது. மருந்து அதைத் தூண்டி விடும். கூடுதலா புரதம் செய்ய வைக்கும்."

"குறைவாவா?"

"குறையுதுன்னுதானே அன்னிக்கே அந்த லேப்ல சொன்னாங்க? நீங்களும்தானே இருந்தீங்க?"

"அவங்க குறையுதுன்னு சொன்னது பக்கத்து வீட்டை. இந்த வீடு ஏற்கெனவே தறிகெட்டு ஓடுதும்மா. அதைப் போய்த் தூண்டி விட்டா..."

"அப்பா!" இப்போது வார்டே திரும்பிப் பார்த்தது. "பெரிய டாக்டர், அவருக்குக் கீழ அஞ்சு டாக்டர், அனுமதி குடுத்த கமிட்டி. இத்தனை பேருக்கும் தெரியாதது உங்க ஏணிக்கும் வாத்துக்கும் தெரிஞ்சுடுச்சா?"

அதே நேரம் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, நிற்காமல் நடக்கும் கால். மார்க்குக்காரர் காகிதத்தை நீட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்தார்.

"டாக்டரய்யா, இதுல வால் இருக்கு, அதுல வால் இல்ல."

"பெரியவரே, பரிசோதனையை நாங்க திரும்பவும் செஞ்சு பாத்தாச்சு. அந்த இடத்துல துண்டு போயிருக்குன்னு உறுதியாயிடுச்சு. பயப்படாதீங்க."

"இடம் சரிங்க. வீடு எது?"

"ஊசி போட்டதும் உங்க சந்தேகத்தையெல்லாம் உக்காந்து பேசலாம்." டாக்டர் சிரித்தார். நல்ல மனுஷனின் சிரிப்புதான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கிடங்கில் பெட்டி மாறிப்போன நாளிலெல்லாம் குமாஸ்தா இப்படித்தான் சிரித்திருக்கிறான். டாக்டர் உள்ளறைக்குப் போனார், கதவு சாத்திக்கொண்டது.

பத்து ஐம்பது. சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். நர்ஸ் குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்றி ஆஸ்பத்திரிச் சட்டையை மாட்டினாள். மகள் குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, பைகளை எடுத்துவைக்கக் குனிந்தாள்.

கிழவர் அசையாமல் நின்றார். உள்ளங்கை வேர்த்து, கையிலிருந்த காகிதம் நமுத்திருந்தது. தான் தப்பாக இருந்தால்? எட்டுக் குறியில் நாலு குறி இடமில்லாமல்தான் விட்டுப்போனதென்றால்? இந்த மருந்து இன்றைக்குப் போனால் திரும்ப வராது. ஏற்கெனவே ஒரு உயிரைச் சந்தேகத்தாலேயே அனுப்பிவைத்த மனுஷன் என்று வீட்டில் பேர் எடுத்தாயிற்று. இரண்டாவது உயிர் என்றால் மகள் முகத்தில் எந்தக் காலத்திலும் முழிக்க முடியாது. அவள் முழிக்கவும் விடமாட்டாள்.

அன்றைக்கு, பெண்டாட்டி விஷயத்தில், கையில் என்ன வைத்துக்கொண்டு சந்தேகப்பட்டோம்? யோசித்தார். ஒன்றுமில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. காகிதத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. இன்றைக்குக் கையில் இரண்டு சீட்டு இருக்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. சேராத பெட்டியை அவர் ஒரு நாளும் லாரியில் ஏற்றவிட்டதில்லை.

"தா, பிக்கீ," என்றாள் வாலு, சக்கரக் கட்டிலிலிருந்து கையை நீட்டி.

மார்க்குக்காரர் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து அந்தக் கையில் கொடுத்தார்.

ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்த பிள்ளை. இரண்டே கடியில் பாதி பிஸ்கட் போய்விட்டது. நர்ஸ் வீலென்று கத்தினாள். அவள் கை நீண்டு வருவதற்குள் குழந்தை மீதியையும் வாய்க்குள் தள்ளிவிட்டது.

"சாப்பிட்டுட்டா!" கிழவர் வார்டே அதிரக் கத்தினார். "எல்லாரும் பாத்துக்கங்க, நான்தான் குடுத்தேன், பிள்ளை முழுங்கிட்டா! யாரும் மயக்கம் குடுத்துடாதீங்க! நிறுத்து!"

அந்த 'நிறுத்து' கிடங்குக் குரல். ஓடுகிற லாரிக்குக் கேட்கிற குரல்.

பையெடுக்கக் குனிந்த மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கொன்னுட்டீங்களே," என்றாள். "ரெண்டு வருஷத்தை ஒரு பிஸ்கட்டுல கொன்னுட்டீங்களே. நீங்கெல்லாம் ஒரு மனுஷனா?"

டாக்டர் வெளியே ஓடிவந்தார். நர்ஸ் சொன்னதைக் கேட்டார். அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா? ஆறு மணி நேரம் இனி இவளைத் தொட முடியாது. மருந்து ஒரு மணிக்கு மேல தாங்காது!"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"இப்ப உங்களுக்கு நேரம் கிடைச்சிருக்கில்ல? இந்தக் காகிதத்தைப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுங்க. நானே நடந்து வர்றேன்."

டாக்டர் காகிதத்தைப் பிடுங்கினார். அதைக் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தார். அவர் கண் ஒரு இடத்தில் நின்றது. கழுத்திலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் அதே இடத்தைப் பார்த்தார். பிறகு நர்ஸ் மேசையிலிருந்த போனை எடுத்தார்.

ஆய்வுக்கூடத்தில் மூன்று பேர் கைமாறி அந்த அம்மா லைனுக்கு வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிடமும் மகள் தரையைவிட்டு எழவில்லை. கிழவர் அவள் பக்கத்தில் போய் நிற்கவும் துணியவில்லை. சக்கரக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாலு அவர் விரலிலிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் போனில் ஆங்கிலத்தில்தான் பேசினார். மார்க்குக்காரருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பேசுகிறவனின் முதுகைப் படிக்க அவருக்குத் தெரியும். நிமிர்ந்திருந்த முதுகு நடுவில் ஒரு தடவை தளர்ந்தது. டாக்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு அவர் வந்து, மகளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"உங்க அப்பா சொன்னது சரி," என்றார். "பாதிக்கப்பட்டது நாங்க நினைச்ச ஜீன் இல்ல. அதுக்குப் பக்கத்துல இருக்கறது. அதோட வேலையே இதை அடக்கி வைக்கறதுதான். அது இல்லாததால இது ஏற்கெனவே அளவுக்கு மேல வேலை செய்யுது. மருந்து குடுத்திருந்தா இன்னும் ஏத்தி விட்டிருப்போம்."

"ஏத்தி விட்டா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். "வலிப்பு நிக்காமப் போயிருக்கலாம். அதுக்கு மேல நான் சொல்ல விரும்பல."

"ஆனா வலிப்பு ஒரே மாதிரிதானே டாக்டர்? அந்த இன்னொரு வியாதிப் பிள்ளைங்க எல்லாருக்கும் இதே மாதிரிதானே வருது? நான் அவங்க அம்மாங்களோட பேசியிருக்கேன்."

"அதுதான் எங்களையும் ஏமாத்திடுச்சு. அந்தப் புரதம் குறைஞ்சாலும் வலிப்பு, கூடினாலும் வலிப்பு. வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்." அவர் நெற்றியைத் தேய்த்தார். "முதல் படிவத்துல ஜீன் பேர் எழுதற கட்டம் நாலு எழுத்துக்குத்தான் இருந்திருக்கு. அடிச்சவங்க வாலை விட்டுட்டாங்க. அப்புறம் வந்த எல்லாரும் அந்தப் படிவத்தைத்தான் பாத்தோம். நான் உட்பட."

மார்க்குக்காரர் தொண்டையைச் செருமினார். "அந்த மருந்து?"

"அடுத்த வார்டுல இன்னொரு பிள்ளையும் பட்டினியோட காத்துக்கிட்டு இருக்கு. பட்டியல்ல இரண்டாவது இடத்துல இருந்த பிள்ளை. அதுக்குக் குடுத்துடுவோம்."

"அந்தப் பிள்ளை பேப்பர்ல வால் இருக்கா இல்லையான்னு பாத்துட்டீங்களா?"

டாக்டர் எழுந்தார். எழுந்த வேகத்தில் கழுத்துக் கண்ணாடி ஆடியது. நடக்கவில்லை, அடுத்த வார்டை நோக்கி ஓடினார். நர்ஸும் பின்னால் ஓடினாள்.

கால் மணி நேரம் கழித்து நர்ஸ்தான் திரும்பிவந்தாள். அந்தப் பிள்ளையின் முதல் காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்களாம், வால் இல்லையாம், மருந்து ஏறுகிறதாம். கிழவர் தலையாட்டினார். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க பிள்ளைக்கு?" என்று மகள் கேட்டாள். "அடக்கி வைக்கற மருந்து இருக்கா?"

"இப்போதைக்கு இல்லைன்னு டாக்டர் சொன்னார்மா. வலிப்பு மாத்திரையை மட்டும் மாத்தி எழுதறாராம். வேற ஏதாவது வழி இருக்கான்னு அந்த லேப் அம்மாவோட நாளைக்குப் பேசறாராம்."

மகள் இதற்கு அழவில்லை. இரண்டு வருடத்து அழுகையும் காலையிலேயே தீர்ந்துவிட்டது போலிருந்தது. எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அம்மா விஷயத்துல நீங்க செஞ்சது தப்புதான். இதனால அது மாறிடாது."

"மாறாதும்மா."

"இன்னிக்கு மட்டும் நீங்க பேசாம இருந்திருந்தா..."

நர்ஸ் கத்தரிக்கோலால் பழைய பட்டியை வெட்டி எடுத்தாள். புதுப் பட்டி ஒன்றை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். எழுத்தைப் பொடியாக்கிக் கடைசி வரியை நீட்டியிருந்தார்கள். குழந்தையின் கையில் கட்டப்போனவளை மகள் தடுத்தாள். பட்டியை வாங்கி அப்பாவிடம் நீட்டினாள்.

"பாத்துச் சொல்லுங்க."

மார்க்குக்காரர் நமுத்துப்போன காகிதத்தைத் தொடைமேல் விரித்து நீவிவிட்டார். பட்டியை அதன் மேல் வரிக்கு வரி பொருத்தி வைத்தார். விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் நிறுத்தி, வாய்விட்டுச் சொன்னார்.

"கொக்கி. வளையம். ஏணி. வாத்து." கொஞ்சம் நிறுத்தினார். "கோடு. கூடாரம். பாம்பு. குச்சி."

இன்னொரு தடவையும் பார்த்தார்.

"கட்டு," என்றார்.